ஒரு புள்ளிக்கும் குறைவான கண்ணீர்

உட்காருங்கள் சார், தாராளமாக உட்காருங்கள். அதன் மேல் மட்டும் சாய்ந்துவிடாதீர்கள். இல்லை, ஆள் இல்லை. போர்வை போர்த்தியிருப்பதால் அப்படித் தெரிகிறது. மதுரையில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார், "என்னண்ணே, உசிரோட இருக்கிற ஆளுதானே?" என்று. டி.வி. சார். நாற்பத்து மூன்று அங்குலம் என்று பெட்டியில் போட்டிருந்தான். நானே அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா? பஸ் குலுங்கும்போதெல்லாம் இதன் விளிம்பு மூக்கில் வந்து இடிக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குத் தூரத்தில் எல்லாம் மங்கல்தான். பரவாயில்லை, இந்தப் பாதையில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது.

சின்னமனூர் போகிறேன். இன்றைக்கு என் மகளுக்கு வளைகாப்பு. வீட்டில் எல்லோரும் வேனில் முன்னாடியே போய்விட்டார்கள். வளையல், பூ, புளியோதரை, தேங்காய்ச்சோறு எல்லாம் அதில் போகிறது. இதையும் ஏற்றலாம் என்றேன். என் மனைவி கோமதி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, "இது ஏறினா நான் இறங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவளை இறக்கிவிட்டுப் போக முடியுமா? அதனால் நானும் இதுவும் பஸ்ஸில்.

சீரா? இல்லை சார், சீர் இல்லை. சாயங்காலம் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு காட்சியைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் இப்படி டி.வி.யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் ஏறலாமா என்று. ஆனால் எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது.

நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்கின் லிட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சம்பந்தி சங்கிலிமுத்து, சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்ல குடும்பம், குறையாகச் சொல்லவில்லை. முதன்முதலில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது மண்டிக்குள் நுழைந்ததும் தராசுதான் என் கண்ணில் பட்டது. முத்திரை போன வருடமே காலாவதி. அதை மட்டும் சொன்னேன். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னேன். குறையாகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பெயர் பூபதி. என் மகள் வெண்ணிலாவுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமல் கல்யாணம் செய்து கொடுப்பேனா? ஒரே ஒரு விஷயம். எதைக் கேட்டாலும் "சுமாரா" என்பார். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் மாப்பிள்ளை? "சுமாரா எட்டு எட்டரை இருக்கும் மாமா." எவ்வளவு தூரம்? "சுமாரா ஒரு மணி நேரம்." தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வார், அதையும் சுமாராக. மண்டியில் எடை போட்டு முடித்த பிறகு, சில்லறைக்கு வாங்க வந்த ஆளின் கூடையில் ஒரு சீப்பைத் தூக்கிக் கூடப் போடுவார். "ஏன் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அந்தக்காவுக்குப் புள்ளைங்க நிறைய மாமா" என்றார். கூடப் போடுவதும் தவறான எடைதான் சார். சட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் தவறான எடைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது மதுரையில் எங்கள் அனுப்பானடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற பிரிட்டோ. ஹெச்.டி.யில் எடுத்துப் பென் டிரைவில் கொடுத்தார். எங்கள் வீட்டில் இந்த டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். மேளக்காரர் நெற்றியில் இருந்த விபூதித் துகள்கூடத் தெரிந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் பழைய பெட்டி டி.வி. அதன் மேல் ஒரு டிஸ்க் பிளேயர். இந்தக் காலத்தில் யார் சார் டிஸ்க் போட்டுப் பார்க்கிறார்கள்? சம்பந்தி பார்க்கிறார். மாற்றிவிடலாமே என்று சொன்னதற்கு, "கறக்குற மாட்டை யாராச்சும் விப்பாங்களா சம்பந்தி?" என்றார்.

அதனால் பிரிட்டோவிடம், "டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள், ஆனால் தரம் குறையக் கூடாது" என்றேன்.

"குறையாம எப்படி சார்? பெரிய படத்தைச் சின்னதாக்குறோம்ல."

"அப்ப மிச்சம் எங்க போகுது?"

"மிச்சமா?"

"ஒரு கிலோ அரிசியை முக்கால் கிலோ பையில கொட்டினா, கால் கிலோ தரையில கிடக்கணும்ல? அதைக் கேக்கிறேன்."

பிரிட்டோ ஒரு நிமிஷம் ஸ்டூடியோ தரையைக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், யோசிக்கிறவர். "எங்கயும் போகாது சார். படம்னா எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிதான், பக்கத்துப் புள்ளியோட கலந்துடும்" என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

டிஸ்க் சின்னமனூர் போனது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் குச்சனூரில் இருக்கிறார். சனீஸ்வரன் கோயில் ஊர். பார்வையும் அப்படித்தான். வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் போட்டிருக்கிறார்கள். தாலி கட்டுகிற நேரம், கெட்டி மேளம், எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், மணமேடையில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நான் நிற்கிறேன். குச்சனூர் அத்தை எழுந்துபோய்ப் படத்தை நிறுத்தினாராம். "இந்தா பாருங்கடி, நம்ம சம்பந்தி மூஞ்சிய. வேப்பங்கொழுந்தை மென்னுட்டு நிக்கிறாப்ல இருக்கு. நம்ம பூபதியப் பாத்தா அவருக்கு அவ்வளவு கசப்பா?" என்றாராம். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வெண்ணிலா போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நாளாக நாளாகச் சிரிப்பு குறைந்தது. ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே சார்? வளைகாப்பு முடித்து அழைத்துக்கொண்டு போகிறோம் என்று முறையாகக் கேட்கப் போனோம். சங்கிலிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வளைகாப்ப ஜாம் ஜாம்னு நடத்துங்க. கூட்டிட்டுப் போறத மட்டும் அப்புறம் பாப்போம். எம்மகனைப் பாக்கப் பிடிக்காத மூஞ்சிக்கு முன்னால எங்க பேரப்புள்ள கண்ணு முழிக்கணுமா?"

கோமதி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அழுகை அவ்வளவு எளிதில் வராது. அதனால்தான் அந்த விஷயம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் போய்விட்டது.

எந்த விஷயமா? கேளுங்கள். வீட்டுக்கு வந்து பென் டிரைவை இந்த டி.வி.யில் போட்டேன். அதே இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் இடது கண் ஓரத்தில் ஒரு சொட்டு.

கண்ணீர் சார்! ஹெச்.டி.யில் இருக்கிறது. டிஸ்க்கில் இல்லை. கண்ணீரோடு பார்த்தால் அது மகளைக் கொடுக்கிற தகப்பன் முகம். கண்ணீரை எடுத்துவிட்டுப் பாருங்கள், வேப்பங்கொழுந்து.

அப்படியே பிரிட்டோவிடம் ஓடினேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தச் சொட்டின் அகலம் இரண்டு புள்ளி. டிஸ்க்குக்கு மாற்றும்போது படம் சுருங்குகிறது இல்லையா, அதில் இந்தச் சொட்டுக்கு ஒரு முழுப் புள்ளிகூடக் கிடைக்காது. முக்கால் புள்ளிதான்.

"முக்காலாவது இருக்கணுமே, எங்க?"

"முக்கால் புள்ளின்னு ஒண்ணு கிடையாது சார். கன்னத்தோட கலந்துடுச்சு."

எடை அளவு பார்க்கிறவனிடம் முக்கால் என்று ஒன்று கிடையாது என்கிறார்!

கோமதியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது வேர்வைங்க. மேடையில காத்தாடி ஓடலன்னு காலையில இருந்து அந்த மண்டபக்காரனோட சண்டை போட்டீங்கள்ல" என்றாள். பிறகு, "இல்லன்னா ஓமப்புகை" என்றாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை சார். நான் அழுதேனா? கண்ணீர் இருந்தால் அழுதிருக்க வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மனதைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன். மகள் போகிறாளே என்று நினைத்தேனா? நினைத்திருக்க வேண்டும். ஆனால் நினைவில் நிற்பது ஒன்றுதான். மாப்பிள்ளை முடிச்சுப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலிக் கயிற்றில் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. சமமாகப் பிடிக்கவே இல்லை. போட்ட முடிச்சும் சுமாரான முடிச்சு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குறையாக ஒன்றும் நினைக்கவில்லை. ஆக, அது கண்ணீர்தான்.

பிரிட்டோவும் விடவில்லை. கல்யாணம் முழுவதையும் ஒரே டிஸ்க்கில் அடைத்ததால்தான் நசுங்கிவிட்டது என்று, இரண்டு மூன்றாகப் பிரித்து, முகூர்த்தத்துக்கு மட்டும் தனி டிஸ்க் போட்டார். படத்தைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறேன் என்றார். நானே கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் போட்டேன். உண்மையிலேயே தரம் கூடியிருந்தது. என் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. புருவத்துக்கு நடுவில் ஒரு நரம்பு புடைத்திருந்தது, அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாது. சொட்டு மட்டும் இல்லை.

குச்சனூர் அத்தை அன்றைக்கும் வந்திருந்தார். "முன்னக்கி இப்ப நல்லா தெளிவா இருக்கு சம்பந்தி" என்றார்.

மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார். "சாப்பிட்டுப் போங்க மாமா, இலை போட்டாச்சு" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். எப்போதும் அப்படித்தான் ஆகிவிடுகிறது, அந்த ஊர் பஸ் நேரம் அப்படி. அந்த வீட்டில் நான் இன்னும் கை நனைத்ததில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அடுத்ததாகப் பிரிட்டோவுக்கு ஒரு யோசனை. முகத்தை மட்டும் பெரிதாக வெட்டி எடுத்துவிட்டால், சொட்டுக்கும் இடம் கிடைக்கும் அல்லவா? செய்தார். சொட்டு வந்துவிட்டது சார். தெளிவாக வந்துவிட்டது! சந்தோஷத்தில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. கூரியரில் அனுப்பிவிட்டேன். அங்கே போட்டிருக்கிறார்கள். கெட்டி மேளம் முழங்குகிறது, அட்சதை விழுகிறது, திரை முழுக்க என் முகம். முதலிலிருந்து கடைசி வரைக்கும் என் முகம். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை, தாலியும் இல்லை.

சங்கிலிமுத்து போன் செய்தார். அமைதியாகப் பேசினார். அவர் அமைதியாகப் பேசினால் கோபம் அதிகம் என்று அர்த்தம். "சம்பந்தி, எங்க பையன் உங்க மகளுக்குத் தாலி கட்டினானா, இல்ல உங்களுக்குக் கட்டினானா?" என்றார்.

"சம்பந்தி, கண் ஓரத்துல பாருங்க, சொட்டு தெரியுதா?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டார்.

வண்டி ஏன் நிற்கிறது? தேனியா? சரி, சரி. தண்ணீர் குடிக்கிறீர்களா? வீட்டுத் தண்ணீர்தான்.

இனி ஒரே வழிதான் என்றார் பிரிட்டோ. "கிராபிக்ஸ்ல ஒரு சொட்டு போட்டுடவா சார்? புளியங்கொட்டை சைஸுக்குப் போட்டா எந்த டி.வி.யிலயும் தெரியும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருடமாகப் போலி முத்திரையைப் பிடிக்கிறவன், போலிக் கண்ணீர் குத்துவேனா? வெளியே போய்விட்டேன். டீக்கடையில் நின்று யோசித்தேன். இல்லாததைப் போட்டால் போலி. இருந்ததைப் போட்டால்? கலந்துபோனதை மீட்டுக் கொடுப்பது எப்படிப் போலியாகும்? திரும்பப் போய், "போடுங்க. ஆனா உண்மையில எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான் போடணும். ஒரு துளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றேன்.

போட்டார். சரியான அளவில் போட்டார். டிஸ்க்குக்கு மாற்றினார். கலந்துவிட்டது.

பிரிட்டோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது. "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசாம அவங்க வீட்டுக்கு டி.வி.யையே தூக்கிட்டுப் போயிடுங்க" என்றார். எரிச்சலில் சொன்னாரோ என்னவோ. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான வழி. பொருளை நகல் எடுத்தால்தானே குறையும்? பொருளையே கொண்டுபோனால்?

வெண்ணிலாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "அப்பா, டி.வி. எல்லாம் வேண்டாம்ப்பா. வெறுங்கையோட வாங்க. வந்து ஒரே ஒரு நேரம் அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. போதும்."

பாருங்கள் சார், பட்டப்படிப்பு படித்த பெண். பிரச்சினை எங்கே இருக்கிறது, இவள் எங்கே போகிறாள்? நான் சாப்பிடுவதற்கும் அவர்கள் டிஸ்க்கில் சொட்டு தெரிவதற்கும் என்ன சம்பந்தம்? "நீ சின்னப் பொண்ணும்மா, இது டெக்னிக்கல் விஷயம்" என்றேன். "அவருக்கு உங்க மேல கோவமே இல்லப்பா. 'மாமா மூஞ்சி அப்படித்தான், விடுங்க அத்தை'ன்னு அவர்தான் எல்லாரையும் அடக்குறாரு" என்றாள். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மாமா மூஞ்சி அப்படித்தான் என்றால் என்ன அர்த்தம்? எப்படித்தான்? ஆதாரம் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன் என்கிறேன். அதைப் பார்க்காமலேயே மன்னித்துவிடுகிறார். எடை போடாமலேயே கூடையில் ஒரு சீப்பைத் தூக்கிப் போடுவது மாதிரி.

எந்த பஸ் என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது என் பயம் எல்லாம் வேறு சார். உங்களிடம் சொல்கிறேன். டி.வி.யை நடுக்கூடத்தில் வைக்கிறேன். எல்லோரும் உட்காருகிறார்கள். காட்சியை நிறுத்திச் சொட்டைக் காட்டுகிறேன். குச்சனூர் அத்தை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "ஆமா, வேர்த்திருக்கு" என்று சொல்லிவிட்டால்? அப்போது நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுவேன்? அதற்கு மேல் பெரிய டி.வி. இருக்கிறதா? இருந்தாலும் சொட்டு பெரிதாகுமே தவிர, அது என்ன சொட்டு என்று அது சொல்லுமா? உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் வேர்வையும் உப்புத்தான். மகள் வாசலில் கை நிறைய வளையலோடு நிற்பாள். அனுப்புவார்களா, மாட்டார்களா? எல்லாம் அந்த இரண்டு புள்ளியில் இருக்கிறது.

வீரபாண்டி தாண்டிவிட்டதா? ஆமாம், தோப்பு தெரிகிறது. பச்சையாக ஏதோ தெரிகிறது, வாழைதானே?

நீங்களும் சின்னமனூரில்தான் இறங்குகிறீர்களா? நல்லதாகப் போயிற்று, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். போர்வை நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் கை படக் கூடாது.

இதோ ஸ்டாப் வருகிறது. முன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் அந்தப் பையனைப் பாருங்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தள்ளுவண்டி வைத்துக்கொண்டு நிற்கிறானே. வண்டியில் என்ன அது, வாழைச் சருகா? சருகை அள்ளி மெத்தை மாதிரி பரப்பியிருக்கிறான். அதன் மேல் தலையணை வேறு. இப்போது குனிந்து தலையணையை அமுக்கிப் பார்க்கிறான், பாருங்கள். போதாதென்று தோள் துண்டையும் எடுத்து மேலே விரிக்கிறான். யாருக்கோ, உடையக்கூடிய பொருள் ஏதோ வருகிறது போலிருக்கிறது. வெயிலில் எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, சட்டை எல்லாம் நனைந்திருக்கிறது போல. யார் பெற்ற பிள்ளையோ. பெண்ணைக் கொடுத்தால் இப்படி ஒருத்தனுக்குக் கொடுக்க வேண்டும் சார். நிற்கிற விதத்திலேயே தெரிகிறது பாருங்கள். எந்த மாமனார் கொடுத்துவைத்தவனோ.

கையை ஆட்டுகிறானே. உங்களையா? உங்களுக்குத் தெரிந்தவனா?

இருங்கள், கண்ணாடியை எடுக்கிறேன். இந்தப் பையில்தான் வைத்தேன். ஆ, இதோ.

...

மாப்பிள்ளை.

...

என்ன சார் என் முகத்தை அப்படிப் பார்க்கிறீர்கள்? எப்படி இருக்கிறது? அதே மாதிரியா? நரம்பு புடைத்திருக்கிறதா? சொல்லுங்கள், பரவாயில்லை, சொல்லுங்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை சார். கண்ணாடியைத்தான் போட்டேன்.

"மாமா! மாமா, அவசரப்படாதீங்க, நான் ஏறி வந்து தூக்கிக்கிறேன்!"

கேட்டீர்களா? உள்ளேயே வருகிறார். கண்டக்டர், விசில் கொடுத்துவிடாதீர்கள், ஒரு நிமிஷம்.

சார், இந்தக் கண்ணாடியை மறுபடியும் பையில் போட்டுவிடுகிறேன். டி.வி.யை இறக்கும்போது இடித்து உடைந்துவிடும், அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் எத்தனை மணிக்கு இருக்கும் இவர்கள் வீட்டில்? பன்னிரண்டரை? ஒன்றா? சரி, எப்போது போட்டாலும் சரி. மதுரைக்குக் கடைசி பஸ் வரைக்கும் பஸ் இருக்கிறது.

வந்துவிட்டார். சார், சீக்கிரம் சொல்லுங்கள், இப்போது எப்படி இருக்கிறது என் முகம்? நல்லபடியாக இருக்கிறதா?

சுமாரா?

போதும் சார். சுமாரா இருந்தாப் போதும்.